பின்வரிசைக் கொண்டைக்கடலை

கிட்ட வந்து உட்காருங்கள், என் தங்கங்களா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், நம் வீடுதானே. கேட்டு முடித்ததும் எழுந்துபோய் உங்கள் அலமாரியைத் திறந்து பார்க்கத் தோன்றும், அப்படி ஒன்று சொல்கிறேன்.

ஒரு பஸ் கண்டக்டர் வீட்டு மளிகை அலமாரியில் கொண்டைக்கடலை குறட்டை விட்டது. பெரிய சத்தமில்லை, மூடி இறுக்கமாக இருந்தது. பக்கத்து டப்பாவில் பச்சைப்பயறு மூச்சை இழுத்து இழுத்து விடும், சேமியா புரண்டு படுக்கும். வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழாய் சொட்டுகிற வீடு இல்லையா, கதவு கிறீச்சிடுகிற வீடு இல்லையா, அதுபோல இது குறட்டை விடுகிற வீடு.

எல்லாம் கண்டக்டரின் கைப்பழக்கத்தால் வந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு இந்தச் சுமையும் வேண்டாமென்று, மளிகை வாங்குவதையும் அடுக்குவதையும் கல்யாணமான புதிதிலேயே அவர் ஏற்றுக்கொண்டார். புதுப் பொட்டலம் வந்ததும் பழைய டப்பாக்களை உள்ளங்கையால் தள்ளி, "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி எவ்ளோ எடம் காலியா கெடக்கு" என்பார். பழையது பின்னால் போகும், புதியது வாசலில் நிற்கும், கைக்கு எட்டியது உலைக்குப் போகும். பின்னால் போனவை கொஞ்ச காலம் காத்திருந்து பார்த்தன. யாரும் கூப்பிடாததால் கடைசி சீட்டுப் பயணிகளைப் போலத் தூங்கிவிட்டன. வருஷங்கள் ஓடின. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், கண்டக்டரின் அம்மா மூட்டுவலியோடு வந்து சேர்ந்தார், பின்வரிசையை மட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மழையில் பாலம் உடைந்து ஊருக்குள் சரக்கு வருவது நின்றது. முன்வரிசை தீர்ந்ததும் நர்ஸ் பின்னால் கைவிட்டுக் கடலையை எடுத்து வேகவைத்தாள். அதைச் சாப்பிட்ட மாமியார் மூட்டுவலி தெரியாமல் மறுநாள்வரை தூங்கி எழுந்து, மருமகளை முதன்முறையாகப் பாராட்டினார். கண்டக்டரோ அதையே டப்பாவில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மதியம் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிப்போனார். பயணிகள் நல்லவர்கள், எழுப்ப மனசில்லாமல் அவரவர் டிக்கெட்டை அவரவரே கிழித்துக்கொண்டார்கள். ஆனால் அவர் வாயிலிருந்த விசிலை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. விசில் கேட்காமல் டிரைவர் எங்கே நிறுத்துவார்? ஊர் முடிந்து, தார் ரோடு முடிந்து, டீசலும் முடிந்த பிறகுதான் பஸ் நின்றது. பல் பிடுங்கப் போன பயணி ஒருவர் பல்லோடு திரும்பி வந்தார். அடுத்த நாளும் அதே டப்பா, அதே கூத்து. டிப்போ அதிகாரி கூப்பிட்டு, "இன்னொரு தடவ தூங்குனீங்கன்னா விசில மேஜ மேல வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடுங்க" என்றார்.

கண்டக்டர் வீட்டுக்கு வந்து இடிந்துபோய் உட்கார்ந்தார். அந்த வேலையைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. நர்ஸ் நாடி பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஏதோ தோன்ற, அதைக் காதில் மாட்டியபடியே போய் அலமாரி டப்பாக்கள் ஒவ்வொன்றிலும் வைத்துக் கேட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. பின்னாடி ஒரு வார்டே தூங்குது. இதத்தான் உங்களுக்குக் கட்டிக் குடுத்திருக்கேன்."

"அவங்கல்லாம் மொதல்ல ஏறுனவங்கம்மா."

"அப்போ எறங்கவே வேணாமா? பஸ்ல எறங்கறவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

"முன்னாடி வாங்கன்னு..." கண்டக்டர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்குடா," என்றார் அம்மா. "இத்தன வருஷமா ஏத்திக்கிட்டே இருந்திருக்க, ஒருத்தரையும் எறக்கி விடல."

அலமாரி முழுவதையும் தரையில் இறக்கினார்கள். மாவைச் சலித்தபோது அது தும்மி எழுந்தது. சேமியா வெயிலில் கண்ணைக் கசக்கியது. உப்பு விழித்தேதான் இருந்தது, உப்புக்குத் தூக்கம் கிடையாது. பயறு டப்பாவைத் தட்டி, "எழுந்திரிங்க, டாக்டர் ரவுண்ட்ஸ் வராரு" என்றாள் நர்ஸ். உடனே எழுந்துவிட்டது. வண்டு குடைந்தவற்றைச் செடிக்கடியில் புதைத்தார்கள். கொண்டைக்கடலைதான் மசியவில்லை. தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, மறுநாள் காலையில்தான் கண் திறந்தது. அதையே வேகவைத்து டப்பாவில் கட்டினாள்.

"இதையேவா?" கண்டக்டர் டப்பாவைத் தள்ளி வைத்தார்.

"இவ்ளோ நாள் தூங்கித் தெளிஞ்சவங்க. இவங்கள விட முழிப்பா யாரு இருக்கா? சாப்பிடுங்க."

அன்று டிப்போ அதிகாரியே பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்து அவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். கண்டக்டர் மனைவியை நினைத்துக்கொண்டு டப்பாவைக் காலி செய்தார். தூக்கம் வரவில்லை. எல்லா நிறுத்தத்திலும் விசில் அடித்தார், நிறுத்தமில்லாத இரண்டொரு இடத்திலும் அடித்தார். டிப்போ வாசலில், "எறங்கறவங்க முன்னாடி வாங்க" என்று கூவியபோது யாரும் வரவில்லை. போய்ப் பார்த்தால் அதிகாரி வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் மெல்லத் தோளைத் தட்டி எழுப்பி, கைகொடுத்து இறக்கிவிட்டார். தூக்கத்தைப் பற்றி டிப்போவில் அதன்பின் யாரும் பேசவில்லை.

இப்போது அந்த வீட்டில் புதியது பின்னால் ஏறுகிறது, பழையது தானாகவே நகர்ந்து முன்னால் வந்து நிற்கிறது. மேல்தட்டில் ஒரு ஜாடி உலர்ந்த திராட்சையை மட்டும் எழுப்பவில்லை, அது மாமியாரின் உத்தரவு. கைக்குழந்தைக்காரிகள் வந்து, ராத்திரித் தூக்கத்துக்கென்று நாலு திராட்சை கேட்டு வாங்கிப் போகிறார்கள், காப்பித்தூள் கடன் கேட்பதுபோல.

சரி, என் செல்லங்களா, எழுந்து போங்கள். உங்கள் அலமாரி நிறைந்திருக்கட்டும். நிறைந்தது வீணாகாமல் வயிறுகளுக்குப் போய்ச் சேரட்டும். உங்கள் வீட்டில் எல்லோரும் மறந்துபோன மனுஷர் என்று ஒருவரும் இல்லாதிருக்கட்டும்.