லாரிக்குப் பின்னால் நின்றவள்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் ஒரே சொல்தான்: "எரியுது." அதைச் சொல்லிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கையின் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். வாக்கியங்கள் குட்டையாக இருந்தால் அது நடை அல்ல, வலி.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "மாமா எதிலும் அசட்டையான ஆள். வண்டி விஷயத்தில் கேட்கவே வேண்டாம். அன்றைக்கும் அவர்..."

அடித்துவிட்டேன். மாமா, அதாவது என் அக்காவின் கணவர், வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவர். பழியைத் தள்ளிவிட எனக்கு ஓர் அசட்டை மாமா தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

2

நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

மாமாவிடம் ஒரு பழைய நீல லாரி. அதில்தான் குடும்பம் ஓடுகிறது. மாடி அறையில் உட்கார்ந்து கதை எழுதும் நானும் அந்தக் குடும்பத்தில் சேர்த்தி. ஒரு வாரமாக வண்டியின் பின்பக்க விளக்குகள் கிறுக்குப் பிடித்ததுபோல நடந்துகொண்டன. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் லைட் துடிக்கும். சில சமயம் எதுவுமே எரியாது. மாமா பல்பை மாற்றினார், ஃப்யூஸை மாற்றினார். கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்து, எர்த் வயர் இரும்புச் சட்டத்தோடு சேரும் இடம் துருவேறிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார்.

"கரண்ட் போறதுக்கு வழி இருக்கு, திரும்பி வர்றதுக்கு வழி இல்ல. அதான் பக்கத்து லைட்டுக்குள்ள பூந்து வருது," என்றார் அடியிலிருந்தே.

(இந்த வரியை வாழ்க்கைக்கு உவமையாக்க ஆசை வந்தது. வேண்டாம். துரு துருதான்.)

உப்புத்தாளால் தேய்த்து, வயரை இறுக்கி முறுக்கிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். நான் வண்டிக்குப் பின்னால் நின்றேன்.

"பிரேக்கு?"

"எரியுது மாமா."

"இண்டிகேட்டரு?"

"ரெண்டு பக்கமும் எரியுது."

"இப்ப எல்லாத்தையும் சேத்துப் போடுறேன். நல்லாப் பாத்துச் சொல்லும்மா. தனித்தனியா ஒழுங்கா எரியும், சேத்துப் போட்டாதான் வண்டவாளம் தெரியும்."

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு வாக்கியம் வந்தது. வேறொரு கதைக்கு, லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பல் மருத்துவரைப் பற்றியது. உடனே குறித்துவைக்காவிட்டால் ஓடிவிடும். கைபேசியில் குனிந்து தட்டிக்கொண்டே, நிமிராமல், அந்தச் சொல்லை மூன்றாவது முறை சொன்னேன்.

3

மாமாவும் அக்காவும் ஒரு கண்ணாடிக் கடையில் இறக்கவேண்டிய ஜன்னல் கண்ணாடிச் சரக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். அரை மணி நேரம் கழித்து அந்தப் பல் மருத்துவர் வாக்கியத்தைப் படித்தேன். மட்டமான வாக்கியம். இதற்காகவா, என்று நினைத்தபோதுதான் விளக்குகளை நான் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது.

அக்காவுக்குப் போன் போட்டேன். சமையலறையில் மணி அடித்தது. சார்ஜரிலேயே விட்டுப் போயிருந்தாள். மாமா வண்டி ஓட்டும்போது போனை எடுக்கமாட்டார். ஆறு முறை போட்டேன். எடுக்கவில்லை.

ஸ்கூட்டரை எடுத்தேன்.

(இங்கே வெயில், காற்று, சாலையோர மரங்கள் என்று ஒரு பத்தி இருந்தது. பொய். நான் எதையும் பார்க்கவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு வண்டியின் முகத்திலும் விபத்தைப் பார்த்துவிட்டு வந்த களை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.)

பாலம் தாண்டி லாரி கண்ணில் பட்டது. கண்ணாடி அலுங்காமல் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது. பின்னாலேயே போனேன். பிரேக் போடுவார், பார்த்துவிடலாம் என்று காத்திருந்தால் மனிதர் பிரேக்கே போடவில்லை. வேகத்தடை ஒன்று வந்தது. வண்டி தளர்ந்தது. சிவப்பு விளக்கு வரவேண்டிய இடத்தில் இரண்டு இண்டிகேட்டரும் அரைத்தூக்கத்தில் கண் திறந்ததுபோல மங்கலாக எரிந்து அணைந்தன.

சரியாகவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பேருந்து வேறு முட்டிக்கொண்டு வந்தது.

ஹாரன் அடித்தேன். யாரோ அவசரக்காரர் என்று நினைத்து மாமா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போ என்று ஆட்டினார். பக்கத்தில் ஏறிச் சொல்லிவிடலாம் என்று முறுக்கினேன். அதற்குள் கண்ணாடிக் கடை வந்துவிட்டது. அவர் பிரேக்கையும் மிதித்து இண்டிகேட்டரையும் போட்டுத் திரும்பினார். பின்னால் ஒரு விளக்குகூட எரியவில்லை. பெரிய நீலச் சுவர் ஒன்று என் பக்கம் சாய்ந்து

4

விழுந்தேன். பேருந்து கிறீச்சிட்டு நின்றது. லாரியின் பின்சக்கரத்துக்கும் என் தலைக்கும் நடுவே ஒரு செருப்பு அளவு இடம்.

"போட்டேனே... இண்டிகேட்டர் போட்டேனே..." மாமா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார்.

"போட்டது இருக்கட்டும், மொதல்ல அவளத் தூக்குங்க!" என்று அக்கா கத்தினாள்.

என் மணிக்கட்டு உடைந்தது. கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. அன்றிலிருந்து மாமா லாரியைத் தொடவில்லை. யார் கூப்பிட்டாலும் "வேற வண்டி பாத்துக்குங்க" என்று வைத்துவிடுகிறார். விளக்கு எரிகிறது என்று நான் சொன்னதை நம்பி, இண்டிகேட்டரைப் போடத் தன் கைதான் மறந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார். சாப்பிடும்போது சோற்றை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கைகளையே பார்க்கிறார்.

5

எட்டாம் நாள் சொல்லிவிட்டேன்.

"மாமா, நான் பாக்கவே இல்ல. போன்ல எழுதிக்கிட்டே எரியுதுன்னு சொல்லிட்டேன். தப்பு என்மேலதான்."

இத்தனை நாளில் முதல்முறையாக அவர் சிரித்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. கதை எழுதுறவளுக்குச் சொல்லியா தரணும்? என்னைத் தேத்துறதுக்கு இப்படி ஒண்ணு ஜோடிச்சிருக்க."

"சத்தியமா மாமா!"

"கைய ஒடச்சுவிட்ட மனுசனுக்காகப் பழிய ஏத்துக்குற பாரு, அந்த மனசு போதும்மா எனக்கு."

அக்கா நம்பினாள். அதனால் என்னோடு பேசுவதில்லை. அவரிடம் அவளும் எடுத்துச் சொன்னாள். "தங்கச்சியோட நீயும் சேந்துக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

6

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மாமா நம்பி, என்னைக் காது புளிக்கத் திட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போகிறார். அந்தத் திட்டை மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுத அவ்வளவு சுகமாக இருந்தது. இன்னொன்றில் வண்டியை விற்றுவிட்டு ஏதோ கிடங்கில் காவலுக்கு உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிகளின்... முடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லாரியை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறார். இன்று வியாழன். நான் என்ன சொன்னாலும் மாமாவுக்கு அது கதை.

ஆனால் நீங்கள் வேற்று ஆள். அவரைத் தேற்றவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. நீங்கள் சொன்னால் நம்பக்கூடும். நீல லாரி, பின்கதவில் ஓரிடத்தில் மட்டும் வண்ணம் உரிந்திருக்கும். காலையில் வாசலில் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போய், உங்கள் கையில் கோளாறு இல்லை என்று சொல்லுங்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்பார். கதையில் படித்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.