குண்டூசிக் குரல்

அக்கா செத்து மூன்று மாதம் ஆகிறது. ஆனால் ஊரில் பாதிப் பெண்களுக்கு இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறாள்.

"நான்தான் தையக்காரக்கா பேசுறேன். மார்புப் பரிசோதனைக்குப் போனியா? நாளைக்குன்னு சொல்லாத. போனமா, காட்டுனமா, வந்தமான்னு இரு. அவ்ளோதான்."

புற்றுநோய்ப் பரிசோதனை மையத்துக்காரர்கள் தலைகீழாக நின்று பார்த்தார்கள். டாக்டரம்மா பேசியதைப் போனில் அனுப்பினார்கள். ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம்தான் அக்காவின் தையல் கடைக்கு வந்தார்கள். புருஷனிடம் சொல்லாததையும் பெண்கள் அளவு கொடுக்கும்போது அவளிடம் சொல்லிவிடுவார்களே! வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு அவள் பேசியதை அப்படியே பதிவு செய்தார்கள். பிறகு ஊசி இல்லாமல் சுத்தமாக ஒன்று எடுத்து அனுப்பியபோது, "இது அக்கா இல்ல, யாரோ" என்று பெண்கள் போனை வைத்துவிட்டார்களாம்.

ஊரையே விரட்டிய மகராசி, தான் மட்டும் போகவில்லை. கேட்கும்போதெல்லாம், "நாளைக்குப் போறேன்டி, கல்யாணத் துணி குவிஞ்சு கெடக்கு" என்பாள். அதே நோய்தான் அவளைக் கொண்டுபோனது. நெஞ்சுவலி என்று வெளியே சொல்லிவைத்தோம். உண்மை தெரிந்தால் அந்தக் குரலை யார் நம்புவார்கள்?

இப்போது என் இடது மார்பிலும் ஒரு கட்டி. யாரிடமும் மூச்சு விடவில்லை. பயம், வேறென்ன.

அக்கா குரலை நிறுத்தச் சொல்லத்தான் இன்று மையத்துக்குப் போனேன்.

"செத்தவளக்கூட வேலை வாங்குவீங்களா?" என்று அங்கிருந்த பொறுப்பாளரிடம் எகிறினேன். அவள் வெளியே கை காட்டினாள்.

பெஞ்சு நிறையப் பெண்கள். "செத்தும் விடமாட்டேங்குறா உங்கக்கா" என்றாள் எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர். "வராம இருக்க முடியுமா, சொல்லு?"

அப்போது என் போன் அடித்தது. மையத்தின் எண். கம்ப்யூட்டர் வரிசையாகக் கூப்பிடுகிறது என்று தெரியும். தெரிந்தும் எடுத்தேன்.

"நான்தான் தையக்காரக்கா பேசுறேன். மார்புப் பரிசோதனைக்குப் போனியா?"

"நாளைக்குப் போறேன்க்கா" என்றேன், என்னை அறியாமல். என் குரலா அது? அச்சு அசல் அவள் சொன்ன மாதிரியே இருந்தது.

"நாளைக்குன்னு சொல்லாத" என்றாள் அக்கா.

டீச்சர் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.