கடிக்காத ஷூ

எனக்குப் பயம் வந்தால் வாய் ஓயாது. அன்று ஷூ கடைக்குள் நுழைந்ததிலிருந்து பேசிக்கொண்டேதான் இருந்தேன். கடைக்காரப் பெண்ணிடம் எங்கள் டான்ஸ் வகுப்பைப் பற்றிச் சொன்னேன், வெளியே பெய்த மழையைப் பற்றிச் சொன்னேன், பேரன் எடுத்த வயதில் இந்த மனுஷனுக்கு ஜோடி போட்டு பால்ரூம் டான்ஸ் ஆடக் கேட்கிறது என்று என் வீட்டுக்காரரைக் கேலி செய்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். என் கண் மட்டும் அவர் காலை விட்டு நகரவில்லை.

போன வாரம் நடந்ததுதான் காரணம். டான்ஸ் வகுப்பு மாடியில். படியேறும்போது அவருடைய இடது கால் செருப்பு கழன்று விழுந்தது. அவர் பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தார்.

"ஏங்க, செருப்பை யாருக்குத் தானம் பண்ணிட்டுப் போறீங்க?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார், "அட" என்றார். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் சுரீர் என்றது. காலிலிருந்து செருப்பு கழன்றது ஒரு மனுஷனுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவர் அண்ணனுக்கும் இருந்தது. அண்ணன் செருப்புக்குள் ஒரு கல்லோடு நாள் முழுக்க நடந்திருக்கிறார். கால் மரத்துப் போயிருந்ததால் தெரியவே இல்லை. அந்தப் புண் ஆறவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்ததை நான் பார்த்தேன்.

நான் கேட்காமல் இல்லை. "உங்களுக்குக் கால் மரத்துப் போகுதா?" என்று நேரடியாகவே கேட்டேன். "உனக்கு வேற வேலையே இல்ல. பழைய செருப்பு, லூசாயிடுச்சு, கழண்டுது" என்றார். நம்பத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் கொஞ்ச நாளாக ஆடும்போதும் அவர் ஒரு தினுசாகத்தான் இருந்தார். தலையைக் குனிந்து தரையைப் பார்த்தே ஆடுவார். மாஸ்டர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். நான் விடுவேனா? "கீழ என்ன தொலைச்சீங்க? என் முகத்தைப் பாருங்க" என்று தோளில் ஒரு தட்டு தட்டுவேன். நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். அடுத்த நிமிடம் என் காலை மிதிப்பார்.

மாஸ்டர் அவர் போட்டிருந்த ஷூவைத்தான் குறை சொன்னார். "சார், இந்த ரப்பர் அடி தரையைக் கவ்விப் பிடிக்குது. காலைத் திருப்பவே விடாது. நல்ல டான்ஸ் ஷூவா வாங்குங்க. காலுக்குத் தரை தெரியணும்." அதைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. ஷூதான் கோளாறு, கால் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு அவரைக் கடைக்கு இழுத்து வந்தேன்.

கடைக்காரப் பெண் பொறுமைசாலி. சாயங்காலம் வந்தது நல்லது, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதற்குப் பொருந்துவதுதான் கடைசிவரை பொருந்தும் என்றாள். ஆடும்போது போடுகிற மெல்லிய சாக்ஸையே போட்டுப் பார்க்கச் சொன்னாள். குதிகால் நழுவக் கூடாது, விரல்கள் அசைய இடம் வேண்டும், அடிப்பக்கம் வழுவழுப்பும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் மெல்லிய தோலாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வளைத்துக் காட்டினாள். கடை நடுவே ஆடிப் பார்ப்பதற்கென்றே மரப்பலகைத் தரை போட்டிருந்தது.

எனக்கும் ஒரு ஜோடி பார்த்தோம். வந்த ஒவ்வொன்றும் ஒரு வம்பு. ஒன்று சுண்டுவிரலைக் கடித்தது. இன்னொன்றின் வார் கணுக்காலை அறுத்தது. அவருக்கோ எதைக் கொடுத்தாலும் "ஜம்முனு இருக்கு."

"எங்கயாவது கடிக்குதா சார்?"

"இல்லம்மா."

"இது ஒரு சைஸ் சின்னது சார். தெரியாம எடுத்துக் கொடுத்துட்டேன். இதுவுமா கடிக்கல?"

"நல்லாத்தானே இருக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "வீட்டுல தலையணை ஒரு விரல் உயரமா இருந்தாலே ஊரைக் கூட்டுவாரு" என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஜோடிகள் வந்தன. என் பெட்டியைத் திறந்து ஷூவை எடுத்து உதறினேன். காகிதம் பெஞ்சு முழுக்கச் சிதறியது. பக்கத்தில் திறந்து வைத்திருந்த கறுப்பு ஷூவை அவர் மாட்டிக்கொண்டு, நாடாவை இறுக்கிக் கட்டி, மரத்தரையில் போய் நின்றார்.

"அக்கா, உங்க ஷூவோட வாருக்கு மாட்ட ஒரு பக்கிள் உதிரியா இருக்குமே, பார்த்தீங்களா?" என்றாள் அந்தப் பெண். நான் காகிதங்களைப் புரட்டினேன். அவள் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினாள். அங்கே அவர் ஒரு கையை என் இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு தனியாகச் சுற்றினார். காலை இழுத்தார், திரும்பினார், முன்பாதத்தில் எழும்பி நின்றார்.

"இதுதான். மெத்தை மாதிரி இருக்கு. இதையே கட்டச் சொல்லு" என்றார்.

வந்து உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து என் பக்கிள் விழுந்து தரையில் உருண்டது.

சாக்ஸின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, பொட்டு அளவுக்கு ரத்தம் ஊறியிருந்தது. அவர் பக்கிளைப் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை.

கடைக்காரப் பெண் ஓடிப்போய்த் தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்தாள். நான் தரையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றித் துடைத்தேன். அவ்வளவு நேரம் ஓயாத வாய் அப்போது அடைத்துவிட்டது.

"சின்னக் கீறல்தான். உனக்குத்தான் பெருசா தெரியுது" என்றார்.

"கண்ணை மூடுங்க."

"கடையில வச்சு என்ன விளையாட்டு?"

"மூடுங்கங்கறேன்ல."

மூடிக்கொண்டார்.

"எந்த விரலைத் தொடுறேன், சொல்லுங்க."

யோசித்தார். தொட்டால் தெரிவதற்கு யோசனை எதற்கு? "சுண்டுவிரல்" என்றார்.

"இப்ப?"

"பெருவிரல்."

என் இரண்டு கைகளும் என் மடியில் இருந்தன.

அவர் கண்ணைத் திறந்தார். என் கைகளைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. நான் அழுதுகொண்டிருந்தேன். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அண்ணன் கட்டிலில் தட்டையாகக் கிடந்த அந்தப் போர்வைதான் கண் முன்னால் நின்றது.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"அண்ணன் டாக்டர்கிட்ட போனாரு. போனப்புறம் என்ன ஆச்சுன்னு நீயும்தானே பார்த்தே." குரல் உள்ளே போய்விட்டது. "பார்த்துப் பார்த்து வச்சாச் சமாளிச்சிடலாம்னு நினைச்சேன். கண்ணுக்குத் தெரிஞ்சா கால் எங்க இருக்குன்னு தெரியும். நீ முகத்தைப் பாருன்னு தட்டுவ பாரு, அப்பத்தான் பயமா இருக்கும். தரை இருக்கா, உன் கால் இருக்கா, ஒண்ணும் தெரியாது. சும்மா உன்னைப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன்."

தட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைக்காரப் பெண் அந்தக் கறுப்பு ஷூவைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "முதல்ல டாக்டரைப் பாருங்க அக்கா. ஷூ எங்க போகப் போகுது" என்றாள். பழைய செருப்பை நான்தான் அவருக்கு மாட்டிவிட்டேன், உள்ளே கையை விட்டு நன்றாகத் துழாவிப் பார்த்துவிட்டு.

மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரி அந்தத் தெருக்கோடியில்தான். அவர் வழக்கம்போலத் தலையைக் குனிந்தார்.

"நிமிர்ந்து நடங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். தெருவில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. வழி முழுக்க அவர் காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.