பெட்டிக்குள் பறந்தவன்

…இதோ மறுபடியும், விமானத்தின் மூக்கு இடது பக்கம் சாய்கிறது, இல்லை, லேசாகச் சாய்ந்ததை இழுத்து இழுத்து அவன்தான் அதிகமாக்கிவிட்டான், இப்போது வலது பக்கம், அதையும் இழு… எர்கெனுக்கு உள்ளங்கை வழுக்கியது. கீழே பல்காஷ் புல்வெளி வெயிலில் வெளிறிக் கிடந்தது. பக்கத்து இருக்கையில் பயிற்சி தரும் ஜிபெக் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். இன்றும் ஒழுங்காக இறக்காவிட்டால் பயிற்சிப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். "என்னடா, பெஷ்பர்மாக்குக்கு மாவா பிசையற? கைய லேசா வை." தரையிலேயே பறந்து பழகும் சிமுலேட்டர் பெட்டியில் அவன்தான் முதல், அங்கே கை எப்படி அவ்வளவு பதமாக இருந்தது? அங்கே முள் அசைந்தால் அது அவன் தவறு, திருத்தினால் நின்றுவிடும், திருத்த முடியாவிட்டால் ஒரு பொத்தான், மறுபடி முதலிலிருந்து. மனைவி மக்பால் தலைவலி என்று சொன்ன அந்தக் காலைக்கும் அப்படியொரு பொத்தான் இருந்திருந்தால்… வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம், பாலத்து வழியை விட்டு நேர்ப் பாதையில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கலாம்… அவள் செத்து ஒரு குளிர்காலம் போய்விட்டது, இன்னும் மனதுக்குள் அதே பாதையில் ஓட்டிக்கொண்டிருக்கிறான்… சே, உயரத்தைப் பார், உயரத்தை.

விமானம் தூக்கிப் போட்டது. அவன் இழுத்தான்.

"விடுடா! அது தரையிலேருந்து எழும்பற சூட்டுக் காத்து. நீயா செஞ்ச? அதோட ஏன் மல்லுக்கு நிக்கற?"

"எது காத்து, எது நான்னு எப்படிக்கா தெரியும்?"

"உக்காந்திருக்கற இடம் சொல்லும். பெட்டிக்குள்ள பறந்து பறந்து உனக்கு அது மரத்துப்போச்சு."

அடுத்த குலுக்கல். கை துடித்தது, அசைக்கவில்லை, அசைக்காமலிருப்பதுதான் எவ்வளவு எரிச்சல்… இறக்கை தாழ்ந்தது, எழுந்தது, தானாகவே நேரானது. ஓடுபாதை வந்தது. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

"இன்னைக்குத்தான்டா உன் கை சொன்ன பேச்சு கேட்டிருக்கு. பேரு இருக்கட்டும். நாளைக்கு வா." ஜிபெக் விதைத் தோலை ஜன்னல் வழியாக ஊதிவிட்டு இறங்கிப் போனாள்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது, யார் மேல்? எந்த வழியில் வந்திருந்தாலும் மக்பாலைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் அன்றே சொன்னார், அவன்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை… தன் தவறு என்று இருந்தவரை திருத்துவதற்கு ஏதோ ஒன்று இருந்தது. அதுவும் வெறும் காற்றுதான் என்றால், இனி அந்தக் காலையை எதற்காக ஓட்டுவது?