முழங்கால் உயர ஜன்னல்

மான் வேட்டை தொடங்கும் நவம்பர் சனிக்கிழமையன்று வடக்கு மினசோட்டாவில் எங்கள் ஊர் காலியாகிவிடும். மரக்கடை பூட்டியிருக்கும். முடிவெட்டும் கடை பூட்டியிருக்கும். பாதிரியார்கூட ஆரஞ்சு நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். என் மனைவி பிரிட்டா தன் அண்ணன்கள் டுவேன், கர்ட் இருவரோடும் வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பிவிடுவாள்.

கல்யாணமான முதல் வருடம் என்னையும் கூட்டிப் போனார்கள். மரத்தின் மேல் கட்டிய பரணில் உட்காரவைத்தார்கள். நான் கையிலிருந்த புத்தகத்தின் பக்கம் புரட்டிய சத்தத்தில் ஒரு மான் மிரண்டு ஓடியதாக டுவேன் இன்றும் சொல்கிறார். ஓடவில்லை, எனக்குப் பின்னால் நின்று இரண்டு பத்தி படித்துவிட்டுத்தான் போனது என்று கர்ட் திருத்துவார். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

இந்த வருடம் எனக்கும் ஒரு வேலை இருந்தது. எங்கள் கராஜின் பழைய பலகைச் சுவர்கள் உளுத்துப்போனதால், கோடையில் அண்ணன்களும் தங்கையுமாகச் சேர்ந்து மூன்று பக்கமும் பச்சை நிற எஃகுத் தகடு அடித்திருந்தார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நன்றாகப் பிடித்தேன் என்று எல்லோருமே சொன்னார்கள். மிச்சம் இருந்தது தெருவைப் பார்த்த மேற்குச் சுவர். அதை ஒட்டிய மூலைக்காகத்தான் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடு மிகச் சிறியது. என் புத்தகங்கள் பத்தொன்பது அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கு அடியிலும் குளியலறை வாசலிலும் கிடந்தன. அந்த மூலையில் ஒரு நாற்காலி, ஓர் அலமாரி, ஒரு ஜன்னல். வாழ்க்கையில் நான் கேட்டது அவ்வளவுதான். மச்சான்களுக்கோ அங்கே மானைத் தொங்கவிட வேண்டும். சுட்ட மானை உரிப்பதற்கு முன் சில நாள் குளிரில் தொங்கவிட வேண்டும், அதற்கு அந்த மூலையின் உத்தரம்போல் இன்னொன்று இந்த மாவட்டத்திலேயே இல்லை என்பது அவர்கள் வாதம்.

பிரிட்டா தீர்ப்புச் சொன்னாள். "வெண்டெல், ஞாயித்துக்கிழமை நாங்க திரும்பி வர்றதுக்குள்ள மேற்குச் சுவரை ஜன்னலோட நீயே தனியா முடிச்சிட்டா, மூலை உனக்கு. இல்லைன்னா மானுக்கு."

"மானுக்கே இப்பவே வாழ்த்துச் சொல்லிடலாம்" என்றார் கர்ட்.

டுவேன் கொஞ்சம் இரக்கமுள்ளவர். தகடுகளை ஆலையில் நம் அளவுக்கு வெட்டித்தான் அனுப்புவார்கள், மறுபடி வாங்க மூன்று வாரம் ஆகும், அதனால் கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள் மாப்ள என்றார். கணக்குச் சரியாக இருந்தால் கூடுதல் எதற்கு மச்சான் என்று கேட்டேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. எட்டுத் தகடுகள் வந்து இறங்கின. ஒன்றுகூட மிச்சமில்லை.

சனிக்கிழமை மதியத்துக்குள் நான்கு தகடுகளை நிறுத்திவிட்டேன். தூரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் ஒரு திருகாணியை முடுக்கினேன். ஒவ்வொரு தகட்டின் ஓர மேடும் அடுத்ததன் மேட்டில் கச்சிதமாக ஏறி உட்கார்ந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று என் வேலையை நானே நாலைந்து முறை பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது தகட்டில்தான் ஜன்னலுக்குத் துளை வெட்ட வேண்டும். ஜன்னலைப் பொருத்த இரண்டு மரத்தூண்களுக்கு நடுவே குறுக்குச் சட்டங்களை நெஞ்சு உயரத்தில் முன்பே அடித்து வைத்திருந்தேன். பெயின்ட் கீறிவிடக் கூடாது என்று எங்கள் கல்யாணத்துக்கு வந்த ஒட்டுத்துணிப் போர்வையைப் புல்லில் விரித்து, தகட்டை அதன் மேல் குப்புறப் போட்டேன். இரும்பு அறுக்கும் மின்சக்கரத்தால் வெட்டினால் பொறி பட்டு விளிம்பு துருப்பிடிக்கும் என்று தெரிந்திருந்தது. அதனால் மூலைகளில் துளை போட்டு, தகடு வெட்டும் கத்தரியால் பொறுமையாக வெட்டினேன். அதற்கு முன், குழப்பமே வரக் கூடாதென்று கறுப்பு மையில் 'மேல்' என்று பெரிதாக எழுதி அம்பும் போட்டேன். வலது விளிம்பிலிருந்து நான்கு அங்குலம், மேல் விளிம்பிலிருந்து பதினாறு அங்குலம். இரண்டு முறை அளந்தேன். மனம் மட்டும் அந்த வாரம் படித்துக்கொண்டிருந்த ஹங்கேரிய நாவலில் இருந்தது. அதில் ஒருவன் நாற்பது பக்கமாக மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். அவன் கதவைத் தட்டுவானா என்ற கவலையில், குப்புறக் கிடக்கும் தகட்டில் வலது என்பது நிமிர்த்தினால் இடது என்பதை நான் யோசிக்கவில்லை.

தூக்கி நிறுத்தியபோது, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பாதித் துளையும் பாதி மரத்தூணும் தெரிந்தன.

நான் போர்வையில் உட்கார்ந்துவிட்டேன். யாரையாவது கேட்கலாம் என்றால் கேட்கக்கூடிய எல்லோரும் காட்டில் இருந்தார்கள். எதிர்வீட்டு மிஸஸ் லுண்ட் மட்டும் வாசலில் நின்று, எல்லாம் நன்றாகப் போகிறதா என்று விசாரித்தார். நன்றாகப் போகிறது என்றேன். எங்கள் ஊரில் வீடு பற்றி எரிந்தாலும் அதுதான் பதில்.

தகட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். முன்பின்னாகத் திருப்ப முடியாது. பின்பக்கத்தில் பெயின்ட் இல்லை. இருட்டத் தொடங்கிய நேரத்தில்தான் அதைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தேன். துளை தூண்களுக்கு நடுவே மிகச் சரியாக வந்து நின்றது. ஒரே வித்தியாசம், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டிய ஜன்னல் முழங்காலுக்குக் கீழே தொடங்கியது. ஞாயிறு காலை குறுக்குச் சட்டங்களைப் பிடுங்கிக் கீழே இறக்கி அடித்தேன். தலைகீழானதால் அந்தத் தகட்டின் ஓர மேடு பக்கத்துத் தகட்டோடு சேராமல் முறைத்துக்கொண்டு நின்றது. ஆறு திருகாணி கூடுதலாகப் போட்டதும் சமாதானமாயிற்று. மற்ற மூன்று தகடுகளையும் நிறுத்தி, ஜன்னலைப் பொருத்தி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது மணி மூன்றரை. ஹங்கேரியன் இன்னும் படியேறிக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்கு அவர்கள் வண்டி வந்தது. பின்னால் ஒரு பெரிய கலைமான் கிடந்தது. தெருவிலிருந்து பார்த்தால் நான் செருப்பு முதல் புத்தகம் வரை முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். வண்டி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் யாரும் இறங்கவில்லை.

முதலில் டுவேன் வந்து குனிந்து பார்த்தார். "மாப்ள, இது ஜன்னலா, நாய் போற வழியா?"

உட்கார்ந்து படிக்கிறவனுக்கு இதுதான் சரியான உயரம், ஐரோப்பாவில் இப்படித்தான் வைக்கிறார்கள் என்றேன். நான் ஐரோப்பாவுக்குப் போனதில்லை. புத்தகங்களிலும் யாரும் ஜன்னலின் உயரத்தை எழுதி நான் படித்ததில்லை.

இது கணக்கில் வராது என்று கர்ட் வாதாடினார். சுவர் முடிந்திருக்கலாம், ஆனால் பேச்சு ஜன்னலைப் பற்றியது, இது ஜன்னலே இல்லை. பிரிட்டா சுவர் நெடுகப் போய்த் தகடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். அவள் தட்டி முடிப்பதற்குள் கர்ட், மானின் பின்னங்கால்களில் கயிற்றைக் கட்டி உத்தரத்தில் ஏற்றிவிட்டார். நான் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டேன். சண்டை போட்டிருக்கலாம். ஆனால் நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடிக்கச் சொன்னார்கள்.

தலைகீழாகத் தொங்கிய மானின் முகம் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. கொம்புகள் கண்ணாடியைத் தொட்டன. பார்ப்பவர்களுக்கு யாரோ உள்ளேயிருந்து தெருவை எட்டிப் பார்ப்பதுபோல் இருந்திருக்கும்.

அப்போது மிஸஸ் லுண்ட் பாத்திரம் ஒன்றோடு தெருவைக் கடந்து வந்தார். இரண்டு நாளாகத் தனியாக வேலை செய்கிற பையனுக்காக இறைச்சியின் மேல் உருளைக்கிழங்கு அடுக்கி அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ். ஜன்னல் முன் நின்றார். மான் அவரைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார்.

"இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு" என்றார்.

எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையான சொல் கிடையாது. பிறகு அவர், தேவாலயத்துக்குப் போகும் சிறுபிள்ளைகள் புதன்கிழமை இந்த வழியாகத்தான் நடந்து வருவார்கள் என்று மட்டும் மென்மையாகச் சொல்லிவிட்டு, பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கர்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "திரைச்சீலை போட்டா?" என்று டுவேனைக் கேட்டார்.

"மானுக்கா?" என்றார் டுவேன்.

"இறக்குங்க அண்ணே" என்றாள் பிரிட்டா. "சுவரை முடிக்கச் சொன்னேன், முடிச்சிட்டான். மூலை வெண்டெலுக்கு."

மானை ஏற்றிக்கொண்டு வண்டி கர்ட் வீட்டுப் பக்கம் போனது. நான் வெற்றி பெற்றவனைப்போல நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டேன். தகட்டை நான் எப்படித் திட்டமிட்டு வெட்டினேன் என்று விளக்கவும் தொடங்கினேன். பிரிட்டா ஜன்னலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்தாள். உள்பக்கச் சுவர் இன்னும் மூடப்படவில்லை. தூண்களுக்கு நடுவே தகட்டின் பின்பக்கம் தெரிந்தது. அதில் தரையோடு தரையாக, தலைகீழாக, கறுப்பு மையில் 'மேல்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அம்பு சிமென்ட் தளத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஐரோப்பாவுல மேல்ங்கிறது அந்தப் பக்கமா?" என்றாள்.

நான் ஹாட்டிஷைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் எழுந்து வீட்டுக்குள் போனாள். குளியலறை வாசலில் கிடந்த அட்டைப்பெட்டிகளில் ஒன்றைத் தூக்கி வந்து, அம்பு மறையும்படி அதன் முன் வைத்தாள். பிறகு இன்னொன்றை எடுக்கப் போனாள்.