ஆளா, சரக்கா

மகள் உயிரின் விலை ஆறு லட்சம். டைல்ஸ் கடைக்காரர் அப்படித்தான் கணக்குப் போட்டார். சரிந்த டைல்ஸ் அடுக்கின் கீழிருந்து அவளைத் தள்ளிவிட்டுத் தான் நசுங்கிய இயந்திர மனிதனை அவ்வளவு தொகைக்குத்தான் காப்பீடு செய்திருந்தார். அதன் வலது கை தோளோடு போயிருந்தது.

பதினோரு வருஷமாகக் கடையில் நிற்கிறது. மகள் அதைச் சித்தப்பா என்பாள். "மெஷினுக்கு என்னடி முறை?" என்று இவர் அதட்டுவார். ஆனால் வியாபாரத்தில் இருவருக்கும் ஒரே மூச்சு. சரக்கு வாங்கும்போது இவர் விலைக்கு இளகுவதுபோல் நடிப்பார். அது குறுக்கே விழுந்து, "கட்டுப்படியாகாதுங்க ஐயா, ஓரமெல்லாம் விரிசல்" என்று இல்லாத குறையை எடுத்துவிடும்.

காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்து தட்டிப் பார்த்தார். "முழு நஷ்டம். ஆறு லட்சம் தருவோம். உடைசல் எங்களுக்கு. பிரிச்சு உதிரியா வித்துடுவோம்."

"உடைசல் இங்கயே கிடக்கட்டுமே," என்றார் கடைக்காரர்.

"அப்போ ரெண்டு லட்சம் கழிச்சுக்குவேன்."

"இந்தத் தகரத்துக்கா? நடந்தா கடகடன்னு சத்தம். பழைய இரும்புக்காரன்கூட தூக்கிட்டுப் போகக் கூலி கேப்பான்."

"அப்பா! சித்தப்பா காதுல விழுது," என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. சரி சார், ஒரு லட்சம்னா யோசிக்கலாம்," என்று இளகினார் கடைக்காரர்.

பழக்கதோஷம், அது குறுக்கே விழுந்தது. "கட்டுப்படியாகாதுங்க ஐயா. முதுகுலயும் விரிசல். இருபதாயிரம்கூடப் பெறமாட்டேன்."

மதிப்பீட்டாளர் முதுகைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"தன்னைத் தானே மட்டம் தட்டிப் பொய் சொல்ற சரக்கை நான் பார்த்ததில்லை. பேரமே வேண்டாம், நீங்களே சொல்லுங்க. சரக்குன்னா முழுப் பணம், இப்பவே வண்டியில ஏத்திடுவேன். ஆளுன்னா இந்தப் பாலிசியில ஒரு காசு கிடையாது, நான் கிளம்புறேன்."

கடைக்காரர் நடுவில் ஒரு விலை இருக்குமா என்று தேடினார். இல்லை. மகள் அதன் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் தம்பிங்க," என்றார் எரிச்சலாக. "பார்த்துப் போங்க, படியில சில்லு கிடக்கு."

மதிப்பீட்டாளரின் வண்டி போனதும் அது மெல்லப் பேச்சை இழுத்தது. "ஐயா, ஆளுன்னா சம்பளம்..."

"முதல்ல அண்ணான்னு கூப்பிடு."

"அண்ணா, சம்பளம்?"

கடை சாத்துமுன் கணக்கெழுதினார். உடைந்த டைல்ஸ், நாற்பதாயிரம் நஷ்டம். காப்பீட்டு வரவு, இல்லை. புதுக் கைக்கு ஒன்றரை லட்சம், கடன். தம்பியின் பதினோரு வருஷச் சம்பளம், பாக்கி.