பூனம் சேலை

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் செல்வலட்சுமி மகளோடு முகம் பார்த்துப் பேசுவாள். மற்ற நாளில் விடிந்ததும் பட்டாசுக் கம்பெனி வேன் வந்துவிடும். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. சாயங்காலம் திருத்தங்கல் வந்து, கையில் ஒட்டிய வெடிமருந்தைத் தேய்த்துக் கழுவி, உலை வைத்து நிமிர்வதற்குள் கண்ணைச் சொருகிவிடும்.

மகள் ஓவியா போலந்தில் இருந்தாள். அவள் காலேஜிலிருந்து ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படித்துவர இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இன்னொருத்தி விருதுநகர் மஹ்ரீன், பஜாரில் பருப்புக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். இரண்டு பேருக்கும் ஒரே ரூம்.

போன புதிதில் ஓவியா வாய் ஓயாமல் பேசுவாள். ரோட்டைக் கடக்க நின்றால் கார்க்காரன் நமக்காக நிற்கிறான் என்பாள். புளி கிடைக்காமல் எலுமிச்சம்பழம் பிழிந்து ரசம் வைத்ததைச் சொல்லிச் சிரிப்பாள். மார்கழி பிறந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது. போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்காருவாள். இருமுவாள். "கிளாசுக்குப் போனியாடி?" என்றால், "லீவும்மா" என்பாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மஹ்ரீனின் அம்மா ரோஷன் பேகம் போன் செய்தாள்.

"யக்கா, தப்பா நினைக்காதீக. உங்க பிள்ளை ரெண்டு வாரமா கிளாசுக்கே போகலையாம். இப்படியே இருந்தா ஊருக்குத் திருப்பி அனுப்பிருவாகளாம்."

"என்னம்மா சொல்லுதீக? மேலுக்குச் சொகமில்லையா?"

"குளிருக்கா. அங்கன தண்ணி கல்லாக் கெடக்காம். காலேஜுல குடுத்த ஜாக்கெட்டு ஆணியில தொங்குது. பாலியஸ்டராம், தொடமாட்டேங்கிறாளாம். மூணு நூல் சுடிதார ஒண்ணுமேல ஒண்ணாப் போட்டுட்டுப் போயித்தான் காய்ச்சல்ல விழுந்திருக்கா. எம் மக வேற வாயி சும்மா இருக்காம, 'ஏண்டி, வெங்காயமாடி நீயி'ன்னு கேலி பண்ணியிருக்கா. ஒரே அழுகையாம். என்னக்கா விசயம்?"

செல்வலட்சுமிக்கு விஷயம் தெரியும். "நான் அவகிட்டப் பேசுதேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஓவியா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாள். "இந்தச் சட்டையப் போட்டுட்டு வாப்பா" என்று அவளே கடையில் பார்த்து எடுத்த பளபளப்பான ஊதாச் சட்டை. அவள் அப்பா முத்துப்பாண்டி அதைப் போட்டுக்கொண்டு போய், முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு, தீபாவளி சீசன் என்பதால் அப்படியே கம்பெனிக்குப் போனார். மருந்து ரூமுக்குள் நூல் துணிதான் உடுத்த வேண்டும். மற்ற துணி உரசினால் பொறி வரும். அது அவருக்குத் தெரியாததா? அன்றைக்கு லோடு ஏற வேண்டிய அவசரம். மத்தியானம் ரூம் வெடித்துத் தரைமட்டமாகிவிட்டது.

சட்டையால் வந்தது என்று கம்பெனியில் சொன்னார்கள். அவர் உடலை எடுப்பதற்கு முன்னாலேயே, பிள்ளை காதுபடச் சொன்னார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் செல்வலட்சுமி வீட்டில் நூல் அல்லாத துணி அத்தனையையும் பின்பக்கம் குவித்துக் கொளுத்தினாள். ஓவியா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையைப் பற்றித் தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தால் பிள்ளை மறந்துவிடும் என்று நினைத்தாள்.

போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"அய்யம்மா, ஒரு பூனம் சேலை குடு."

அய்யம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கொடியில காஞ்சாலே சுத்திப் போறவளுக்கு எதுக்குடி பூனம் சேலை? மாப்பிள்ளை எதுவும் பாக்க வாரானா?"

"ஆமா, குதிரையில வாரான். குடுடி."

கட்டும்போது பாலியஸ்டர் சேலை காலோடு ஒட்டியது. கையில் மயிர் சிலிர்த்தது. இரண்டு தடவை கொசுவம் நழுவியது. ஒரு வழியாகச் சொருகிக்கொண்டு போன் போட்டாள்.

ஓவியா முகம் தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. பார்த்த மறுநொடி அலறினாள்.

"என்னம்மா கட்டியிருக்க! அவுத்துரும்மா! மொதல்ல அவுத்துரு!"

"ஏன் அவுக்கணும்? வீட்டுல என்ன மருந்தா கெடக்கு?"

"வேண்டாம்மா. இங்க கதவத் தொட்டாலே சுருக்குங்குது. லைட்ட அமத்திட்டு மஹ்ரீன் ஸ்வெட்டர் கழட்டுனா, பொறி பறந்துச்சும்மா. கண்ணால பாத்தேன். அப்பாவுக்கும் இப்படித்தான…" மேலே பேச முடியாமல் இருமினாள். "நான்தானம்மா அந்தச் சட்டையப் போடச் சொன்னேன்."

இல்லை என்று அடித்துச் சொல்லத்தான் செல்வலட்சுமிக்கு ஆசை. ஆனால் எதனால் வெடித்தது என்று அவளுக்கே தெரியாது.

"சட்டையோ, மருந்தத் தேய்ச்சதோ, அது தானாச் சூடாகிக் கொதிச்சதோ, யாரு கண்டா? நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல பதினோரு பேர அடைச்சிருந்தான். கண்டவுக அம்புட்டுப் பேரும் போய்ச் சேந்துட்டாக. வெளிய நின்னவன் சொன்னதுதான் சட்டை. செத்தவர் மேல பழியப் போட்டா அவனுக்கு லேசு."

"நீயும் நம்புனீல்ல? எல்லாத்தையும் எரிச்சீல்ல?"

"நம்புனேன்டி. எனக்கு யாரு மேலயாவது ஆத்திரப்படணும். கம்பெனிக்காரன எதுத்துப் பேச முடியாது. உன் மேல படவும் மனசில்ல. துணியப் போட்டு எரிச்சேன். நீ பாத்துட்டு நிக்கியேன்னு எனக்குத் தோணல, தாயி."

ஓவியா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். செல்வலட்சுமி அழவிட்டாள். பிறகு, "எம்மா மஹ்ரீன், ஆணியில தொங்குற அந்தச் சட்டைய எடுத்துத் தா" என்றாள்.

மஹ்ரீன் ஜாக்கெட்டோடு வந்தாள். "கைய நீட்டுடி. நானும் கூட நிக்கேன்ல, எதுன்னாலும் ரெண்டு பேருக்கும்தான்."

கை உள்ளே போகும்போது சடசடவென்று மெல்லிய சத்தம் போனில் கேட்டது. ஓவியா கண்ணை இறுக்கி மூடினாள். தைரியம் சொன்ன தாயும் மூடிக்கொண்டாள்.

திறந்தபோது மகள் நின்றுகொண்டிருந்தாள். ஊதிய பை மாதிரி ஜாக்கெட்டுக்குள் முகம் மட்டும் சின்னதாகத் தெரிந்தது.

"நாளைக்குக் கிளாசுக்குப் போவியா?"

"போறேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீ?"

"நானென்ன?"

"நீ நாளைக்கு வேன் ஏறுவியாம்மா?"

செல்வலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஏறாம? வேற எங்கன போக?"

ஓவியா குனிந்து ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டாள்.